பதினைந்து லிட்டர் பதினைந்து கிலோ ஆகாது

ஏற்காடு மலை நாகலூரில் காப்பி பூத்தால் தெருவே மல்லிகை மாதிரி மணக்கும். என் கை மட்டும் கடலை எண்ணெய் மணக்கும்... சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

அப்போது ராசாத்தி அக்காவின் எண்ணெய்க் கடையில் எனக்கு வேலை. எட்டாவதோடு படிப்பு நின்றது. ஆனால் கண்ணால் பார்த்தே லிட்டர் சொல்வேன், சொட்டு பிசகாது. சேலம் வரைக்கும் என் பேர் தெரியும்.

ஒரு நாள் பக்கத்து எஸ்டேட்டின் கோயில் விருந்துக்குப் பதினைந்து லிட்டர் டின் ஒன்று கொடுத்தனுப்பினோம். அரை மணி நேரத்தில் டின் திரும்பி வந்தது. பின்னாலேயே கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர், அவருக்குப் பின்னால் பெரிய கூட்டம்.

எஸ்டேட்காரர்களுக்கு உலகமே கிலோதான். மனுஷன் காப்பிப் பழம் நிறுக்கும் தராசில் எண்ணெய் டின்னையும் மாட்டிவிட்டார். காலி டின்னின் எடையைக் கழித்துக் கணக்கும் போட்டுவிட்டார்.

"பதினஞ்சுன்னு சொன்னீங்க. பதிமூணு கிலோ அறுநூத்தம்பதுதான் நிக்குது. இனி உங்க எண்ணெய் எங்க கேட்டைத் தாண்டாதுங்க."

அக்கா புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றார். புருஷன் போன பிறகு அவருக்கு அந்தக் கடைதான் எல்லாம். அளவில் ஏமாற்றுகிற கடை என்று பேர் விழுந்துவிட்டால், மலையில் ஒரு வாணலியிலும் எங்கள் எண்ணெய் காயாது.

நான் முன்னால் வந்தேன். இருநூறு பேர் இருக்கும்... முன்னூறு என்பாரும் உண்டு. பஸ் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டே இறங்கி வந்தார்.

கடையில் ஒரே மாதிரி ஒரு லிட்டர் குவளைகள் இரண்டு. ஒன்றில் தண்ணீர், ஒன்றில் எண்ணெய், இரண்டும் விளிம்பு வரை. தட்டுத் தராசில் வைத்தேன். தண்ணீர் தட்டு இறங்கியது.

ரைட்டர் லேசில் நம்புவாரா? குவளை மேல் சந்தேகப்பட்டார். குவளையை மாற்றி ஊற்றினேன்... அப்போதும் தண்ணீர்தான் இறங்கியது.

எண்ணெய்ப் பக்கம் எடைக்கல் வைத்தேன். ஐம்பது கிராம், இருபது, இன்னொரு இருபது. முள் நேராக நின்றது.

"லிட்டருக்குத் தொண்ணூறு கிராம் எண்ணெய் லேசுங்க. பதினஞ்சு லிட்டருக்கு ஒரு கிலோ முன்னூத்தம்பது. நீங்க குறையுதுன்னு சொன்னதும் அதேதானுங்களே?"

ரைட்டர் விரல் விட்டு எண்ணினார். கூட்டத்திலிருந்து பழம் பறிக்கிற அம்மா ஒருத்தர் கேட்டார்:

"ஏனுங்க ரைட்டரே, ஈரச் சாக்குன்னு எங்க பழத்துலதான் எடையைக் கழிப்பீங்க. எண்ணெயிலயுமா?"

மலையே சிரித்தது. கரடியூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

ரைட்டர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "டின்னைத் தூக்குங்கப்பா, அடுப்பு காயுது" என்றார். அக்கா தலைப்பை விட்டுவிட்டு அடுத்த ஆளுக்கு எண்ணெய் ஊற்றினார்.

இன்று ஏற்காடு டவுனில் எனக்கே கடை இருக்கிறது. பாக்கெட்டிலேயே லிட்டரும் கிராமும் அச்சடித்து வருகிறது. யாரும் சண்டைக்கு வருவதில்லை.

போன வாரம் கேக் செய்கிற பெண் ஒருத்தி வந்தாள். செய்முறையில் எண்ணெய் இருநூறு மில்லியாம், வீட்டில் இருப்பதோ கிராம் தராசாம். போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். சிக்னல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நூத்தி எண்பத்திரண்டு கிராம் போடு கண்ணு" என்றேன்.

சிக்னல் வந்ததும் பார்த்தாள். "சரிதானுங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதைப் பார்க்கக் கடையில் வேறு ஆள் இல்லை... அதனால்தான் உங்களிடம் சொல்லி வைக்கிறேன்.