மிஷினுக்கு ஒரு பொட்டு

நிலத்தடி நீர் எங்கே இருக்கிறது என்று மிஷின் வைத்துச் சொல்வது என் தொழில். தரையில் கம்பி அடித்து, மின்சாரம் செலுத்தி, அடியில் பாறை எப்படி இருக்கிறது என்று கணக்குப் போடுவேன். படித்த படிப்பை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

கற்பூரம்

நாகலாபுரம் பக்கம் ஒரு கத்தரித் தோட்டம். மிஷின் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுக் கம்பி அடிக்கப் போனேன். திரும்பினால் பெட்டிக்குக் குங்குமம், மேலே செம்பருத்தி. தோட்டக்காரம்மா கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். "ஐயோ, இது வெறும் மிஷின்மா!" என்று ஓடினேன்.

"டிராக்டரும் மிஷின்தான். பொட்டு வெக்காமயா ஓட்டிக்கினு கீறோம்?"

ஈசான்ய மூலை

திருச்சானூரில் லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தவர் இன்ஜினியரிங் படித்தவர். அவர் மனையில் தென்கிழக்கில்தான் தண்ணீர் இருக்கும் போலத் தெரிந்தது. வாஸ்துப்படி போர்வெல் வடகிழக்கில்தான் வரவேண்டுமாம். மூன்று முறை அளந்து காட்டினேன். வரைபடத்தைக் கவனமாகப் பார்த்தார், நல்ல கேள்விகளாகக் கேட்டார், தலையாட்டினார்.

"எல்லாம் கரெக்ட் மேடம். மிஷினை மட்டும் கொஞ்சம் ஈசான்யம் பாத்துத் திருப்பி வெச்சிப் பாருங்களேன்."

இல்லை

சத்தியவேடு பக்கம் செல்வியின் குடும்பம் காலங்காலமாகக் கூலி வேலை செய்தது. இப்போதுதான் சொந்தமாக ஒன்றரை ஏக்கர். கழுத்துச் செயினை விற்றாவது போர் போடவேண்டும் என்றிருந்தார். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவர் உட்பட மூன்று பேர் இடம் காட்டியிருந்தார்கள். நான் நாள் முழுக்க அளந்தேன். அடியில் ஒரு வெடிப்புகூட இல்லாத கல். தண்ணீர் இல்லை என்று சொன்னேன். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

போன வருஷம் பஸ்ஸில் பார்த்தேன். போரே போடவில்லையாம். மழையை நம்பி வேர்க்கடலை போட்டதில் நல்ல விளைச்சலாம். செயின் கழுத்திலேயே இருந்தது. என் பேச்சை எப்படி நம்பினீர்கள் என்று கேட்டேன்.

"கீதுன்னு மூணு பேரு சொன்னாங்க. இல்லன்னு சொன்னது நீ ஒருத்திதான். பொய் சொல்றவ அப்டிச் சொல்லுவாளா?"

எங்கள் வீடு

நகரியில் எங்கள் வீட்டுக்கே போர் போடவேண்டி வந்தது. இடம் பார்த்துச் சுண்ணாம்பு வட்டம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். வெளியே வந்தால், நைனா என்று நான் கூப்பிடும் அப்பா தேங்காய்க்காரரைக் கூட்டி வந்திருக்கிறார்! தேங்காய் என் வட்டத்துக்கு நாலடி தள்ளி எழுந்து நின்றது. எனக்கு வந்த கோபத்தில் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் சமாதானமாகி, இரண்டுக்கும் நடுவில் போட்டோம். தண்ணீர் பீறிட்டது. நைனா தலையெல்லாம் சேறு, முகமெல்லாம் சிரிப்பு.

"ஹார்ட்டுன்னா ரெண்டு டாக்டரைக் கேக்கறோமில்ல கண்ணு? ரெண்டு பேருமே கெட்டிக்காரங்க!"

தண்ணீர் வந்தால் சாமி புண்ணியம், வராவிட்டால் மேடம் கணக்கில் தப்பு என்றாலும், அடுத்த போருக்கும் போன் எனக்குத்தான் வருகிறது.