வெளுத்துப்போன மேற்குச் சுவர்

அடையாள அட்டையில் அவரைப் பற்றி இரண்டே வரி: "வெளிக்கண்ணாடிப் பராமரிப்பாளர், இரண்டாம் நிலை. உயிருள்ளவற்றோடு தொடர்பில்லாத பணி." எழுதிய அதிகாரி அந்தப் பராமரிப்பாளர் துடைக்கும் கட்டிடத்தை ஒருமுறைகூட அண்ணாந்து பார்த்திருக்க மாட்டார். பன்னிரண்டு மாடி உயரத்துக்கு அங்கே சுவரே உயிரோடுதான் இருந்தது.

இரட்டைக் கண்ணாடிகளுக்கு நடுவே தண்ணீர். தண்ணீர் முழுக்கப் பாசி. பேருந்துகள் கக்கும் புகையை அடியில் ஒரு விசிறி இழுத்து உள்ளே விடும். அது குமிழி குமிழியாக மேலேறும். வழியிலேயே பாசி அதன் நஞ்சை உறிஞ்சிக்கொள்ள, உச்சியில் வருவது மூச்சுவிடத் தகுந்த காற்று.

எல்லோருக்கும் அந்தப் பராமரிப்பாளர் பல்லி அக்கா. இருபது வருடம் சுவரோடு ஒட்டிப் பிழைத்தவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அந்த இருபது வருடமும் தண்ணீர்த் தொட்டி, மழைக்குழாய் என்று கம்பி பிரஷ்ஷால் சுரண்டிக் கொன்றதெல்லாம் பாசியைத்தான். இங்கே வந்து பார்த்தால் அதற்கு ஆள் வைத்துச் சோறு போடுகிறார்கள். முதல் நாள் தொங்குமேடையில் நின்று கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே கொப்புளிக்கும் சத்தம். கண்ணுக்கே தெரியாத ஒன்று கோடி கோடியாகச் சேர்ந்து ஒரு தெருவுக்கு மூச்சு கொடுக்கிறது! மேடை கீழே இறங்கிய பிறகும் அக்கா சற்று நேரம் இறங்கவில்லை.

அதன் பிறகு அவர் துடைத்தது சாதாரணத் துடைப்பா? முன்பிருந்தவர்கள் மாதம் ஒருமுறை ஏனோதானோவென்று ஈரத்துணியைக் காட்டிவிட்டுப் போனார்கள். அக்கா வாரம் இருமுறை. அங்கே கண்ணாடி இருக்கிறதா என்று புறாக்களுக்கே சந்தேகம் வந்தது. மூன்றாவது வாரம் மேற்குச் சுவர் வெளுக்கத் தொடங்கியது. இளம்பச்சை, மஞ்சள், பிறகு அரிசி களைந்த தண்ணீர்.

எஞ்சினியர் தண்ணீர், விசிறி, உரம் எல்லாவற்றையும் சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தன. பாசி மட்டும் செத்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை அதை வடித்துவிடுவது என்று அலுவலகம் முடிவெடுத்தது.

மேடையை ஏற்றி இறக்கும் வேலை அக்காவின் நாத்தனாருக்கு. வியாழக்கிழமை விசையைப் பிடித்தபடியே அவர் ஒரு மூலையைக் காட்டினார்.

"அண்ணி, மேடை எட்டாத அந்த வரிசையைப் பாருங்க. நீங்க கை வைக்காதது. அது மட்டும் பச்சைப்பசேல்னு இருக்கு."

புழுதி அப்பிய ஒற்றை வரிசை, உள்ளே கரும்பச்சை.

"நாமதான்டி கொன்னுட்டோம்."

"நாம இல்ல, நீங்க. நான் லீவரைத்தான் பிடிச்சேன். வெளிய சொல்லிடாதீங்க, ஒரு கறைக்கே சீட்டைக் கிழிக்கிறவங்க."

"சொல்லலைன்னா திங்கக்கிழமை சாக்கடையில ஊத்திடுவாங்க."

துடைத்துத் துடைத்தே பாசியைக் கொன்றுவிட்டதாக அக்கா போய்ச் சொன்னதை எஞ்சினியர் நம்பவில்லை. "வெளிச்சம்தான் அக்கா அதுக்குச் சாப்பாடு. துடைச்சா நல்லதுதானே?"

"சாப்பாடுதான் தம்பி. தொண்டையில திணிச்சா? மத்தியானம் மூணு மணிக்கு அந்தப் பக்கம் தொங்கிப் பாருங்க. எனக்கே தோலு உரியுது."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. வெளிச்சம் அளக்கும் கருவியோடு மேடையேறினார். உயரம் ஒத்துக்கொள்ளாத மனிதர், வழியெல்லாம் கண்ணை மூடியிருந்தார். அழுக்குக் கண்ணாடிக்குள் வெளிச்சம் பாதிதான் போனது. வெயிலை மறைக்க நிழல்துணி கேட்டால் வரப் பத்து நாளாகும். கையில் இருப்பதோ நான்கு நாள்.

"உள்ள உயிர் ஏதாவது மிச்சமிருக்கா தம்பி?"

"கொஞ்சம் இருக்கும். அது போதும். வெயில் குறைஞ்சா ஒன்னு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். ஒரே நாள்ல."

"யாரும் சொல்லிக்கொடுக்காமலா?"

"யாரும் சொல்லிக்கொடுக்காமத்தான்."

அக்கா மறுபடி கண்ணாடியில் காதை வைத்தார். வெளிறிய தண்ணீரில் குமிழிகள் ஏறிக்கொண்டே இருந்தன.

"யார் துடைச்சதுன்னு ரிப்போர்ட்ல எழுதணுமே அக்கா," என்றார் எஞ்சினியர் தயங்கி.

"பேப்பரைக் கொடுங்க. நானே எழுதுறேன்."

திங்கட்கிழமை காலை கண்ணாடிகளின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பச்சை தெரிந்தது. வடிக்க வந்தவர்கள் குழாயைச் சுருட்டிக்கொண்டு திரும்பினார்கள். அக்காவின் வேலை நிலைக்குமா என்பது அடுத்த மாதக் கூட்டத்தில்தான் தெரியும்.

வியாழக்கிழமையே அக்கா அந்தப் பேப்பரில் சுவர் வெளுத்தது தன் கையால்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பிறகு வெயிலை மறைக்கச் சாக் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, தான் துடைத்த நூற்றிருபது கண்ணாடிகளிலும் பூசினார்.