ஹில்மி மாஸ்டரின் பதினேழு வசனங்கள்

கலகெதர டவுனில் மஹ்ரூபின் கடைக்குப் பழுதான போனைக் கொண்டுபோனால், என்ன கோளாறு என்று அவர் கேட்கமாட்டார். கையிலிருந்து வாங்கிக்கொள்வார். நெற்றியில் இருக்கும் கண்ணாடியை மூக்குக்கு இறக்குவார். நீங்கள் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் போன் சரியாகி உங்கள் கைக்கு வந்துவிடும். கூடவே நீங்கள் கேட்காத இரண்டு மூன்று மாற்றங்களையும் செய்திருப்பார்.

"நானா, என்ட அலாரத்த ஏன் மாத்தினீங்க?" என்று ஒரு பெண் ஒருநாள் சண்டைக்கு வந்தாள்.

"சுபஹுக்கு எழும்ப அதுதான் நல்லம்."

"நான் கேட்டேனா?"

"கேட்டாத்தான் செய்யோணுமா?"

ஊரே இதைச் சொல்லிச் சிரித்தது. கெட்ட மனிதரல்ல. பிறருக்கு எது நல்லது என்று தமக்கே தெரியும் என்று நம்பிவிட்ட மனிதர், அவ்வளவுதான். அந்த ஒரு குணம் எத்தனை பெரிய பள்ளத்தில் தம்மைத் தள்ளும் என்பது அவருக்கு ஐம்பத்தொரு வயதுவரை தெரியவில்லை.

மஹ்ரூபுக்கு ஒன்பது வயதில் உம்மா மௌத்தானார். அதற்குப் பிறகு அவருக்கு உம்மாவும் வாப்பாவும் ராத்தா என்று அவர் கூப்பிடும் அக்கா கைரியாதான். பத்தொன்பது வயதில் அவளைப் பெண்கேட்டு வந்தபோது, திரைக்குப் பின்னால் நின்று அவள் ஒரே ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பினாள்: "என்ட தம்பியும் என்னோட வருவான்." மாப்பிள்ளை ஹில்மி, பள்ளிக்கூட மாஸ்டர். அவர் சிரித்துக்கொண்டே, "அப்ப எனக்கு ரெண்டு பேர் கெடச்சிட்டு" என்றாராம். அன்று அந்த வீட்டுக்குள் போன தம்பி பிறகு வெளியே வரவேயில்லை. மேல்மாடியில் ஓர் அறை கட்டிக்கொண்டார். கலியாணம் முடிக்கவில்லை. கைரியாவுக்கும் பிள்ளை இல்லை. மூன்று பேரும் ஒரே சோற்றைத் தின்று முப்பது வருடத்துக்கும் மேல் ஓட்டிவிட்டார்கள்.

கரண்ட் நாள்தோறும் போன அந்த வருடத்தில்தான் மஹ்ரூப் வீட்டைத் தம் கையில் எடுத்தார். முதலில் ஒரு பற்றரி. பிறகு தானாக எரியும் பல்புகள், கேட்டில் ஒரு கமரா, கிணற்று மோட்டருக்கு ஒரு கருவி. இவை எல்லாவற்றுக்கும் மூளை, திரை உடைந்த ஒரு பழைய லெப்டொப். அது அவருடைய அறை அலுமாரியின் கீழ்த்தட்டில் இரவும் பகலும் முனகிக்கொண்டிருந்தது. குடும்பத்துக் கலியாணப் படங்களும் அதற்குள்தான் இருந்தன. வெளியே எந்தக் கம்பனியிடமும் எதையும் வைக்க அவர் சம்மதிக்கவில்லை.

"நம்மட பொம்புளப் புள்ளைகள்ட படம் எங்கேயோ ஈக்கிற ஒருத்தன்ட பெட்டிக்குள்ள எதுக்கு? நம்மட சாமான் நம்மட ஊட்டுலயே ஈக்கோணும்" என்பார். உறவுக்காரர்கள் இதற்காகவே அவரை மெச்சினார்கள்.

அந்தப் பெட்டி பேசவும் செய்தது. மாடிப்படியின் கீழே ஒரு சின்ன ஸ்பீக்கர். மோட்டர் தண்ணீரை ஏற்றி முடித்ததும், செய்தி வாசிப்பவளைப் போல ஒரு பெண்குரல் அறிவிக்கும். கைரியா இரண்டாம் நாளே கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

"யாரிந்தப் பொம்புள? என்ட ஊட்டுக்குள்ள நின்டு எனக்கே ஓடர் போடுறா!"

"அது மெஷின், ராத்தா."

"மெஷினோ மசக்கையோ, ஒண்டு அவ ஈக்கோணும், இல்லாட்டி நான்."

ஹில்மி மாஸ்டருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் இருபத்தேழு வருடம் மைக் பிடித்தவர் அவர். "மச்சான், என்ட குரலப் போடு. எனக்கு இவ முப்பது வருசமா பழகிப்போனவ" என்றார். ஒரு ஞாயிறு பின்னேரம், வெளிச்சத்தம் விழாமல் போர்வையைத் தலையில் மூடிக்கொண்டு, மஹ்ரூபின் போனில் பதினேழு வசனங்களைப் பேசிக் கொடுத்தார்.

"கைரியா, டேங்க் நெறஞ்சிட்டு. இனி ஊரையே குளிப்பாட்டலாம்."

"கேட்டடியில யாரோ வந்தீக்காங்க. கேத்தல அடுப்புல வை."

"மழ வருது, உடுப்ப எடு. என்ட சாரத்தையும் சேத்துத்தான்."

அதன் பிறகு கைரியா ஸ்பீக்கரோடு சண்டை பிடிக்கவில்லை, பேசவே ஆரம்பித்துவிட்டாள். மாஸ்டர் பள்ளிவாசலுக்குப் போயிருக்கும்போது மழை வரும், குரல் வரும். "தெரியும், தெரியும், எடுக்கிறேன்" என்று முற்றத்தில் ஓடியபடியே பதில் சொல்வாள்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை, லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போன மாஸ்டர் தண்ணீர்க் குழாயடியிலேயே சாய்ந்தார். கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பாழும் விதி ஒரு வார்த்தை பேசக்கூட அவருக்கு நேரம் தரவில்லை.

கைரியா இத்தாவில் உட்கார்ந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. மூன்றாம் நாள் புதன்கிழமை. கீழ் ஹோல் நிறையப் பெண்கள் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். நடுவில் வெள்ளை முக்காட்டுக்குள் கைரியா. வந்தவர்கள் எல்லாரும் ஒளு செய்ததில் டேங்க் வற்றி, மோட்டர் தானாக ஓடத் தொடங்கியிருந்தது. சனம் கூடிய அன்றே கேட் அறிவிப்பை நிறுத்தியிருந்த மஹ்ரூப், மேலே இருந்ததால் இதைக் கவனிக்கவில்லை.

"கைரியா, டேங்க் நெறஞ்சிட்டு. இனி ஊரையே குளிப்பாட்டலாம்."

ஓதல் அறுந்தது. ஒருத்தி அலறினாள். இன்னொருத்தி மயங்கிப் பக்கத்திலிருந்தவள் மடியில் விழுந்தாள். மாமி முறையான ஸக்கியா படிக்கட்டில் பாதிவரை ஏறி வந்து மஹ்ரூபைப் பிடித்துக்கொண்டாள்.

"மண் காயல்ல, மூணு நாள்ல மௌத்தான மனுசனப் பேச வெக்கியாடா? அதுவும் இத்தாவுல ஈக்கிற பொஞ்சாதிட காதுக்கு! ஒனக்கு மண்டையில எனத்த ஈக்கி?"

மஹ்ரூப் கீழே எட்டிப் பார்த்தார். வெள்ளை முக்காடு குலுங்கிக்கொண்டிருந்தது. ராத்தா பயந்து அழுகிறாள்! வளர்த்த கைக்கு நான் செய்த கைம்மாறு இதுவா என்று நெஞ்சு வெடித்தது. அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சத்தத்தை மட்டும் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் நிறுத்தி வைத்தவை தாமாக முழித்துக்கொள்வதை அவர் பலமுறை கண்டிருக்கிறார். இன்னொரு முறை அந்தக் குரல் வந்து ராத்தாவின் நெஞ்சைப் பிளக்கக் கூடாது. பதினேழு வசனங்களையும் அழித்தார். தமது போனில் இருந்ததையும் அழித்தார். இரண்டு நிமிட வேலை. கீழே இறங்கி, "இனி வராது ராத்தா" என்றார். முக்காடு மெல்லத் தலையாட்டியது.

பெட்டியோடு இன்னொரு ஹார்ட் டிஸ்க்கும் இருந்தது. வெள்ளிதோறும் முதலாவதில் உள்ளதை அப்படியே தன்னில் எழுதிக்கொள்ளும். முதலாவதில் இல்லாததை அழித்துக்கொள்ளும். மஹ்ரூப் அதைப் பிரதி என்று நம்பியிருந்தார். அது பிரதி அல்ல, நிழல். ஆள் போனால் நிழலும் போய்விடும். புதன் அழித்தார். வியாழன் முழுவதும் அந்தக் குரல் இரண்டாவது டிஸ்க்கில் உயிரோடு இருந்தது. வெள்ளிக்கிழமை அதுவும் போனது. இரண்டு நாள் அவகாசம் இருந்தும் அவருக்கு அந்த எண்ணமே வரவில்லை.

நாற்பதாம் நாள் கழிந்ததும் மாஸ்டரின் உடுப்புகளை ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். அவருடைய போனையும் உள்ளிருந்ததையெல்லாம் அழித்துச் சுத்தமாக்கி ஒரு மதரஸா மாணவனுக்குக் கொடுத்தார் மஹ்ரூப். ராத்தாவிடம் கேட்கவில்லை. துக்கத்தில் இருப்பவளிடம் இதையெல்லாம் கேட்பதா?

நான்கு மாதமும் பத்து நாளும் முடிந்தன. கைரியா குளித்து, நீலப்பூப் போட்ட சாரி உடுத்தி, பாற்சோறு சமைத்தாள். தம்பிக்குக் கோப்பையில் வைத்துவிட்டு எதிர்க் கதிரையில் உட்கார்ந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் ஓர் எதிர்பார்ப்பு.

"தம்பி, இனிப் போடு."

"எனத்த, ராத்தா?"

"அவங்கட குரல. இத்தாவுக்குள்ள ஆம்புளச் சத்தம் வேணாமெண்டு நீ நிப்பாட்டி வெச்சது சரிதான். நாலு பேர் கதைப்பாங்க. இப்பதான் முடிஞ்சிட்டே. நான் ஒவ்வொரு நாளா எண்ணிட்டீந்தேன்."

மஹ்ரூபின் கை சோற்றிலேயே நின்றது.

"நீங்க அண்டைக்கிப் பயந்து அழுதீங்களே..."

"யார் அழுத? நான் சிரிச்சேன்டா. ஊரையே குளிப்பாட்டலாமெண்டு, ஊரே கூடியீக்கிற நேரத்துல! மூணு நாளைக்குப் பொறகு அண்டைக்குத்தான் எனக்கு மூச்சே வந்தது. ஸக்கியா மாமிக்குத் தெரியக்கூடாதெண்டு முக்காட்ட வாய்க்குள்ள அடச்சிக்கிட்டேன்."

மஹ்ரூப் எழுந்தார். "கொஞ்சம் வேல ஈக்கி ராத்தா" என்று பொய் சொன்னார். மேலே போய் அலுமாரிக் கதவைத் திறந்து அதன் முன்னால் மண்டியிட்டார்.

மறுநாள் இரண்டு டிஸ்க்கையும் துவாயில் சுற்றிக்கொண்டு கண்டிக்கு பஸ் ஏறினார். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில், அழிந்ததை மீட்டெடுப்பதில் பேர்போன கணபதி இருந்தார். மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து வந்து டவுனில் தொழில் பழகியவர்.

"பேக்கப் எடுத்து வெச்சிருப்பீங்கல்ல, பாய்? நீங்களே கடை வெச்சிருக்கிறவரு."

"வெச்சீந்தேன். அதையும் அழிச்சிட்டேன்."

"நல்லா இருக்கு! வைத்தியருக்கே விஷம்னா எங்க போறது?"

மஹ்ரூப் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக் கணபதியும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். பின்னேரம்வரை முயன்றுவிட்டுக் கதிரையைத் திருப்பினார்.

"கோவிச்சுக்காதீங்க பாய். நாலு மாசமா கமரா இதுமேல எழுதிக்கிட்டே இருந்திருக்கு. அடியில இருந்ததெல்லாம் போச்சு. வேணும்னா கேட் படம் எத்தன மணித்தியாலம் வேணும்னாலும் எடுத்துத் தாறேன்."

திரையில் அந்தக் கேட் தெரிந்தது. பூட்டிய கேட். யாரும் வராத கேட். இத்தா வீட்டு வாசலில் எந்த ஆண் வந்து நிற்பான்? ஒரு பூனை கடந்து போனது. அந்த வெறுமையைப் பத்திரப்படுத்தத்தான் மாஸ்டரின் குரல் அழிந்திருக்கிறது!

கைரியாவின் போனில் தேட ஒன்றுமில்லை. ஒரே கூரையின் கீழ் முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் எதற்குக் குரல் அனுப்புவார்கள்?

அன்று பஸ்ஸால் இறங்கி நேரே அடுப்படிக்குப் போய் ராத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். கரண்டியால் அடித்திருந்தால் அந்தக் கையை முத்தமிட்டிருப்பார். அவள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"ஒரு சொல்லு கேட்டீக்கலாமே, தம்பி. ராத்தா, இத அழிக்கவா எண்டு ஒரே ஒரு சொல்லு."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை. மோட்டரை மட்டும் பழையபடி சுவரில் உள்ள சுவிச்சுக்கு மாற்றித் தரச் சொன்னாள். மஹ்ரூப் மாற்றிக் கொடுத்தார். அலுமாரியில் முனகிய பெட்டியையும் நிறுத்திவிட்டார்.

ஒரு வாரம் கழித்து, அஸர் தொழுதுவிட்டு வந்தவர் தண்ணீர் கொட்டும் சத்தத்தைக் கேட்டார். டேங்க் நிரம்பி, அடுப்படித் தகரத்தில் அருவிபோல விழுந்துகொண்டிருந்தது. கைரியா படிக்கட்டின் கீழே, ஊமையாகிப்போன அந்த ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், கைகளை மடியில் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். மஹ்ரூப் வழக்கம்போலச் சுவிச்சை நோக்கிக் கையை நீட்டினார். விரல் படுமுன் நின்றார். வாழ்க்கையில் முதன்முதலாக அவர் கேட்டார்:

"ராத்தா, நிப்பாட்டவா?"

அவள் தலையைத் திருப்பவில்லை.

"கொஞ்சம் பொறு தம்பி. அவங்க இன்னும் சொல்லல்லியே."

நீட்டிய கையோடு மஹ்ரூப் அப்படியே நின்றார். தகரத்தின் மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டேயிருந்தது.