கிளம்புகிறவரிடம் கேட்காத கேள்வி

விழிதியூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். வாக்கியத்தைக் கேள்வியாக மாற்றச் சொல்லிக்கொடுப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. உள்ளே நிற்கும் சொல்லை முன்னால் இழுத்து நிறுத்தினால் போதும், கேள்வி வந்துவிடும் என்பேன். அவ்வளவு சுலபமாகச் சொல்வேன்.

அன்று காலை அந்தப் பாடத்து நோட்டுகளைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். என் கணவர் விசேஷத்துக்கு மட்டும் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் மஞ்சள் பையோடு வாசலில் செருப்பு மாட்டினார். கதிர் வந்த பயிர் மழையில் மூழ்கியதிலிருந்து பத்து நாளாக அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை. எங்கே என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் எங்கள் வீட்டில் கிளம்புகிறவரை அப்படிக் கேட்கக் கூடாது. போகிற காரியம் விளங்காதாம். கல்யாணமாகி வந்த முதல் வாரமே அப்படிக் கேட்டுவிட்டு மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். அதனால் வழக்கம்போல், "தூரமாங்க?" என்றேன்.

"பக்கந்தான்" என்றார்.

மூன்று நாளாகியும் அவர் வரவில்லை. போனும் அணைந்து கிடந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

"எங்க போறேன்னு சொன்னாரு?" என்றார் ஏட்டு.

"கேக்கலைங்க."

"புருஷன் பையத் தூக்கிட்டுப் போறாரு, எங்கன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களாம்மா?"

காரணத்தைச் சொன்னேன். சொல்லும்போதே என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றியது. படித்தவளாம், டீச்சராம்!

சாயங்காலம் பிள்ளைகள் எப்போதும்போல் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். போகச் சொல்ல வாய் வரவில்லை. பலகையில் 'ஹீ வில் கம் டுமாரோ' என்று எழுதினேன். அவர் நாளைக்கு வருவார். வேறு வாக்கியமே அன்று எனக்குத் தோன்றவில்லை.

"வில் ஹீ கம் டுமாரோ?" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். சரியான விடைதான். "போதும், நிறுத்துங்க" என்று நானும் கத்திவிட்டேன். பிள்ளைகள் பயந்துபோய் நோட்டுகளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

மறுநாள் விடிந்ததும் அவர் போட்டோவைப் பையில் வைத்துக்கொண்டு தேடக் கிளம்பினேன். சுரக்குடிப் பக்கமா, போலகம் பக்கமா என்றுகூட யோசிக்கவில்லை. செருப்பு மாட்டும்போது மாமியார் பின்னாலேயே ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மா போற? எங்கன்னு சொல்லிட்டுப் போம்மா."

எட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்ததே இல்லை. அவருக்குச் சொல்ல என்னிடம் ஓர் ஊர்ப்பெயர்கூட இல்லை.