சிஸ்டர் ஸ்டெல்லாவின் குடைத் துணி

காலையில் சுவாமிக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சிஸ்டர் ஸ்டெல்லாவின் அண்ணன் மகள் ஜெனிஃபர். "ஆன்ட்டி, அத்தை போயிட்டாங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தாள். "அத்தை கையில ஒரு கறுப்புத் துணி கட்டியிருக்கு. நீங்க கட்டினதுன்னு நர்ஸ் சொல்றாங்க. மந்திரிச்ச கயிறா என்னன்னு சொந்தக்காரங்க எல்லாம் கேக்குறாங்க. பெட்டியில வைக்கிறதுக்கு முன்னாடி அவுத்துடவா?"

அது என்ன துணி என்று நம் கோயில் மலரைப் படிக்கும் உங்களில் சிலருக்குத் தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். நம் பகுதி அரசு மருத்துவமனையில் தலைமைச் செவிலியராக இருந்த சிஸ்டரிடம் ஊசி போட்டுக்கொள்ளாத வீடு நம் தெருக்களில் இருக்காது. "பாதி ஊசி நான் போடுறேன், பாதி நீ போடுறே. கையை விறைச்சுக்கிட்டா உன் பங்குதான் வலிக்கும்" என்பார். சொல்லி முடிப்பதற்குள் ஊசி வெளியே வந்திருக்கும்.

நான் அவரோடு பழகத் தொடங்கியது, இந்தக் கன்னட ஊரில் தமிழர்கள் கூடும் நம் கோயிலில்தான். கிருத்திகை அன்னதானத்துக்குக் கணக்கு எழுதுவதும் பந்திக்கு ஆட்களை வரிசைப்படுத்துவதும் என் வேலை. குடிதண்ணீரைப் பரிசோதிக்க வந்த சிஸ்டர், வேலை முடிந்தும் போகாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா நீ? சாமி கும்பிட வந்தவங்களை இந்த மிரட்டு மிரட்டுறே?"

"மிரட்டலைங் சிஸ்டர். வயசானவங்களை முன்னாடி உக்கார வெக்கறேன். வெயில்ல மயங்கி விழுந்தா அப்புறம் நீங்கதான பாக்கோணும்."

"எதுவரைக்கும் படிச்சே?"

"ஏழாவதோட நிறுத்திப்போட்டாங்க. மிச்சம் நானா படிச்சுக்கிட்டது."

"சரி, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வா. மக்கள் கமிட்டியில கணக்கு எழுத ஆள் இல்ல. சம்பளம் கிடையாது. டீ தருவேன். அதுவும் நல்லா இருக்காது."

டீயைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான். ஆனாலும் போனேன்.

சிஸ்டர் பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத் தொழிலாளி. அந்தக் கதையை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். சுரங்கத்தில் பாறை சரிந்து சங்கு ஊதியதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாராம், இவர் பின்னாலேயே ஓடினாராம். "அப்பாவை மேல கொண்டுவந்தப்ப உயிர் இருந்துச்சு மரகதம். பக்கத்துல கிடந்தவர் கால் உடைஞ்சு பெருசா கத்தினாரு. அவரை முதல்ல தூக்கிட்டுப் போனாங்க. அப்பாவுக்கு அடி உள்ளுக்குள்ள. சத்தமே இல்ல. சத்தம் போடாதவனை யாரு பாப்பா?" பிறகு தன் கீழ் வேலை செய்த ஒவ்வொரு நர்ஸுக்கும் அவர் முதலில் சொல்லிக்கொடுத்தது அதுதான். "கத்துறவனுக்கு மூச்சு இருக்கு. கத்தாதவனைப் போய்ப் பாரு."

ஒரே நேரத்தில் பலர் அடிபட்டு வந்தால் சமாளிப்பதற்கு உள்ளூர் மருத்துவமனைகளுக்கு அரசு மானியம் தருகிறது என்ற சுற்றறிக்கை வந்தபோது, பெண்ணுக்கு வரன் அமைந்த தாய் போல ஆகிவிட்டார் சிஸ்டர். விண்ணப்பத்தை எழுதி, திருத்தி, மறுபடி எழுதினார். பணம் இரண்டு தவணை. முதல் தவணையில் ஸ்ட்ரெச்சர், ஆக்ஸிஜன் சிலிண்டர், கட்டுத்துணி, சலைன். இரண்டாம் தவணையில் இன்னொரு ஆம்புலன்ஸ். நம் மருத்துவமனைக்கு இருந்தது ஒரே வண்டி. அவர் கண் முழுக்க அந்த இரண்டாவது வண்டி மேல்தான். முதல் தவணை மார்ச் மாதக் கடைசியில் வந்து சேர்ந்தது. நிதியாண்டு முடிவதற்குள் செலவு செய்யாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். நானும் அவரும் ரசீதுகளோடு ஓடியதை நினைத்தால் இப்போதும் மூச்சு வாங்குகிறது. பின்பக்க அறை ஒன்றில் எல்லாவற்றையும் அடுக்கினோம்.

மானியத்தில் வராத ஒன்று இருந்தது. அடிபட்டவர்களை வகை பிரித்துக் காட்டும் வண்ண அட்டைகள். உடனே கொண்டுபோக வேண்டியவருக்குச் சிவப்பு, கொஞ்சம் காத்திருக்கக் கூடியவருக்கு மஞ்சள், நடக்க முடிந்தவருக்குப் பச்சை. இனி எதுவும் செய்ய முடியாது என்பவருக்குக் கறுப்பு. "அட்டை இல்லாட்டி என்ன, துணியில பண்ணுவோம்" என்று சிஸ்டர் நம் கோயில் பெண்களைக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டு ருக்மணியக்கா கரை கிழிந்த சிவப்புப் புடவையைக் கொண்டுவந்தார். நான் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு எடுத்து வைத்திருந்த மஞ்சள் துணியில் மிச்சத்தைக் கொடுத்தேன். பச்சைக்கு ரவிக்கைத் துணி கிடைத்தது. கறுப்புக்குத்தான் யாரும் அசையவில்லை.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா கறுப்பா?" என்றார் ருக்மணியக்கா. "நாங்க சுமங்கலிங்க சிஸ்டர். எங்க கையால யாருக்கும் அதைக் கட்டமாட்டோம். வேணும்னா நீலம் வெச்சுக்குங்க."

"எமன் நீலத்துக்கு ஒத்துக்கிட்டானாக்கா? கேட்டுச் சொல்லுங்க, மாத்திடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் துணி வரவில்லை. சிஸ்டர் தன் கறுப்புக் குடையை எடுத்தார். கத்தரியை வாங்கி, கம்பிகளிலிருந்து துணியைப் பிரித்து, பட்டை பட்டையாக வெட்டிப் பையில் போட்டார். அன்று வீடு திரும்பும்போது தூறல் போட்டது. வெறும் கம்பிக் குடையை விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்த்துக் கையாட்டிவிட்டு, பஸ் ஸ்டாப் வரை அப்படியே நடந்தார்.

அடிபட்டவர்களுக்குப் பட்டை கட்ட எங்களுக்குக் கொடுத்த பயிற்சியின்போது அவர் சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். "கறுப்புன்னா விட்டுட்டுப் போன்னு அர்த்தம் இல்ல. மருந்து வேற ஆளுக்குப் போகுது, நீ இங்க உக்காருன்னு அர்த்தம். கையைப் பிடிச்சுக்க. உனக்குத் தெரிஞ்ச சாமி பேரைச் சொல்லு. எந்தச் சாமியும் கோவிச்சுக்காது."

நாங்கள் தலையாட்டினோம். பையில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் மேலே இருக்கும். கறுப்பை யாரோ ஒவ்வொரு முறையும் அடியில் தள்ளிவிடுவார்கள்.

ஒரு நாள், காதுகுத்துக்குப் போன ஒரு குடும்பத்தின் சரக்கு டெம்போ மருத்துவமனைக்கு அருகிலேயே கவிழ்ந்தது. பெண்களும் குழந்தைகளும் பின்னால் நின்றுகொண்டே வந்திருக்கிறார்கள். சிஸ்டர் பின்பக்க அறையைத் திறந்துவிட்டு எங்களுக்கும் ஆள் அனுப்பினார். எனக்குப் பச்சைப் பட்டைக்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குழந்தைகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்து ருக்மணியக்காவைப் பார்க்க முடிந்தது. அவர் முன்னால் ஒரு பெரியவர் கிடந்தார். கண் நிலைத்துவிட்டிருந்தது. அவருடைய மகன் மண்டியிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். சிவப்பு கட்டியவர்கள்தான் முதலில் வண்டியில் ஏறுகிறார்கள் என்பது அதற்குள் அங்கே எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது.

"அக்கா, கெம்பு கட்டுங்கக்கா. எங்கப்பாக்கா. ஒந்தே ஒந்து கட்டுங்கக்கா."

கெம்பு என்றால் கன்னடத்தில் சிவப்பு, ஒந்து என்றால் ஒன்று. அக்காவின் கை பைக்குள் போனது, தேடியது, சிவப்போடு வெளியே வந்தது. அந்த இடத்தில் வேறு எந்தப் பெண்ணின் கை வேறு நிறத்தோடு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவரை ஏற்றிக்கொண்டு, இருந்த ஒரே வண்டி ஊருக்குள் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியது.

டெம்போவின் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் ஓர் இளம்பெண் சுருண்டு படுத்திருந்தாள். தலையில் மல்லிகைச் சரம்கூடக் கலையவில்லை. அவள் முனகவும் இல்லை. சிஸ்டர்தான் கண்டுபிடித்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. சிவப்பைக் கட்டினார். வண்டி இல்லை. சாலையில் இறங்கிக் கையை விரித்து நின்றார். சில கார்கள் வேகத்தைக் குறைத்து, போனில் படம் எடுத்துக்கொண்டு போயின. கடைசியில் ஒரு காய்கறி வேன் நின்றது. மூட்டைகளை இறக்கி, அந்தப் பெண்ணைப் படுக்க வைத்து, சிஸ்டரும் ஏறிக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் வேனைத் திறந்தபோது அவள் உயிரோடு இல்லை. சிஸ்டர் அதே வேனில் திரும்பி வந்தார். அவர் புடவையில் கொத்தமல்லி ஒட்டிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு ருக்மணியக்கா கோயிலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். சிஸ்டர் அவர் வீட்டுக்குப் போனபோது நானும் கூட இருந்தேன். காபியைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, உங்க கையைக் குத்தம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. அந்த மகன் என் கையைப் பிடிச்சிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேனோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். இன்னொரு வண்டி இருந்திருந்தா ரெண்டு பேரும் போயிருப்பாங்க. உங்க கையை யாரும் பாத்தே இருக்க மாட்டாங்க."

அன்றிலிருந்து அந்த வண்டிதான் அவருக்கு வேலை. இரண்டாம் தவணைக்கான கணக்கை நான் எழுதிக்கொடுத்தேன். சுகாதார அலுவலகத்தாரால் அதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள். மானியப் பொருள்களைப் பேரிடர் என்று மேலிடம் அறிவித்தால் மட்டுமே எடுக்க வேண்டுமாம். டெம்போ கவிழ்ந்ததைப் பேரிடர் என்று யாரும் அறிவிக்கவில்லை. ஆகவே நாங்கள் எடுத்த கட்டுத்துணியும் சலைனும் முறையற்ற பயன்பாடு. முறையற்ற பயன்பாட்டுக்கு விளக்கம் ஏற்கப்படும்வரை இரண்டாம் தவணை கிடையாது.

அந்த அலுவலகத்து எழுத்தர் கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் பேசினார். "அம்மா, ரோடு ஆக்ஸிடென்ட் வேற, டிசாஸ்டர் வேற. ரூல்ஸ் நான் மாடித்தா?" விதியை நானா செய்தேன் என்கிறார்.

"எத்தனை பேர் செத்தா டிசாஸ்டர்னு ஒத்துக்குவீங்க சார்? சொல்லுங்க, அடுத்த தடவை எண்ணிப் பாத்துட்டு ரூமைத் திறக்கறேன்" என்றார் சிஸ்டர்.

எழுத்தர் ஃபைலை மூடினார். "நாளெ பன்னி, சாஹேப்ரு இர்த்தாரே." நாளைக்கு வாங்க, ஐயா இருப்பார். அந்த நாளைக்குப் பல நாளைகள் இருந்தன. ஐயாக்கள் மாறினார்கள். சிஸ்டர் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற பிறகும் போய்க்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு செவ்வாயும் வண்டிக்காக விளக்குப் போட்டேன். என் கடவுளுக்கு அதில் என்ன தடை என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. திட்டமே முடிந்துவிட்டது, இனி அந்தத் தலைப்பில் பணம் இல்லை என்ற கடிதம் வந்தபோது சிஸ்டர் டயாலிசிஸுக்குப் போக ஆரம்பித்திருந்தார். கன்னடத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். "தமிழ்ல சொல்லு" என்றார். சொன்னேன். "கன்னடத்துலேயே நல்லா இருந்துச்சு" என்றார்.

அந்தப் பின்பக்க அறையை இப்போது போய்ப் பாருங்கள். ஸ்ட்ரெச்சர்களின் மேல் பழைய ஃபைல்களும் உடைந்த நாற்காலிகளும் கிடக்கின்றன. மருத்துவமனைக்கு இன்றும் ஒரே வண்டிதான். டெம்போக்களில் இன்றும் நின்றுகொண்டுதான் போகிறார்கள்.

கடைசியாக அவரைப் பார்க்கப் போனபோது ருக்மணியக்காவும் வந்தார். சிஸ்டர் டயாலிசிஸை நிறுத்தச் சொல்லிவிட்டிருந்தார். உடம்பு வீங்கி, மூச்சு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணைச் சிமிட்டினார்.

"வந்துட்டியா, கணக்குப்பிள்ளை. எனக்கு என்ன கலர், சொல்லு."

"பச்சைங் சிஸ்டர். எந்திரிச்சு நடப்பீங்க."

"அய்யே. நான் சொல்லிக்கொடுத்தது இதுதானா?"

டெம்போ விபத்துக்குப் பிறகு என்னிடமே தங்கிவிட்ட அந்தப் பட்டைப் பை எப்போதும் போல என் கைப்பைக்குள்தான் இருந்தது. ருக்மணியக்கா அதைக் கேட்டு வாங்கினார். அடிவரை கையை விட்டு, குடைத் துணிப் பட்டை ஒன்றை எடுத்தார். அவரால் கட்ட முடியவில்லை. என்னிடம் நீட்டினார். நான் கட்டினேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து சிஸ்டரின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்த பெயர் முருகன். அதைச் சொன்னேன். சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, "ம்" என்றார். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று எங்களை எழுப்பும்வரை உட்கார்ந்திருந்தோம்.

போனில் ஜெனிஃபரிடம், "அவுக்காதம்மா" என்றேன். "அது மந்திரிச்ச கயிறில்ல. உங்க அத்தையோட குடை. அவங்க பக்கத்துல ஆள் உக்காந்திருந்துச்சுன்னு அர்த்தம்." ஜெபமாலைக்குக் கீழே அந்தப் பட்டையும் அவரோடு போனது.

வண்டி வரும் என்று நான் இப்போது நம்பவில்லை. விளக்குப் போடுகிறேன், ஆனால் அதற்காக இல்லை. சிஸ்டரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பை. கறுப்புப் பட்டைகளை மேலே எடுத்து வைத்திருக்கிறேன்.