மேலே ஒரு எம்.ஏ., கீழே ஒரு எம்.ஏ.

குன்னூரில் எங்களுக்குத் திசைகள் இரண்டுதான். ஊட்டிப் பக்கம் போனால் மேலே. மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் பக்கம் போனால் கீழே. கிழக்கும் மேற்கும் வீடு கட்டுகிறவர்களுக்கு மட்டும் தேவைப்படும். எம்.ஏ. படிக்கப்போகிறேன் என்று நான் வீட்டில் சொன்னது போன வருடம் ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "மேலயா, கீழயா?" அடுத்த இரண்டு மாதமும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே கழிந்தன.

நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். முதல் உறைபனி என்றைக்கு விழுந்தது, மண்சரிவால் மலை ரயில் என்றைக்கு நின்றது, மறுபடி என்றைக்கு ஓடியது என்று குறித்து வைப்பது என் பழக்கம். அதை வைத்து உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றுக்குச் சிறு கட்டுரைகளும் எழுதுவேன். அப்படி ஒரு கட்டுரைக்காகப் பழைய பாட்டு ஒன்றை எடுத்துப் படித்தபோதுதான் இந்த வினை ஆரம்பமானது. பாட்டில் ஒரு மரம் வருகிறது. ஓர் உரை அதை ஒரு மரம் என்கிறது, இன்னோர் உரை வேறு மரம் என்கிறது. யார் சொல்வது சரி என்று முடிவு செய்ய எனக்கு வழியில்லை. உரைக்காரர்கள் இருவரும் நடுநடுவே சமஸ்கிருதத்துக்கும் பிராகிருதத்துக்கும் தாவுகிறார்கள். அந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். அடுத்தவர் கண்ணால் படித்தது போதும் என்று தோன்றியது. நாற்பத்தாறு வயதில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்: அந்தப் பாட்டை என் கண்ணாலேயே படிக்க வேண்டும்.

மே மாதம் முழுக்கப் படிப்புகளைத் தேடினேன். ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் தாளாளரின் வாழ்த்துரை இருந்தது, செயற்கை நீரூற்றின் படம் இருந்தது, ஆண்டு விழாவில் ஆடிய பிள்ளைகளின் படமும் இருந்தது. பாடத்திட்டத்தைத்தான் காணவில்லை. ஓரிடத்தில் பாடத்திட்டம் என்ற சொல்லின் மேல் அழுத்தினால் மறுபடி நீரூற்றே வந்தது. தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மொதல்ல சேருங்க மேடம். சிலபஸ் பின்னாலயே வந்துரும்."

"என்ன படிக்கப்போறேன்னு தெரியாம எப்பிடிங்க சேர்றது?"

"எல்லாரும் அப்பிடித்தானுங்க மேடம் சேர்றாங்க."

கடைசியில் இரண்டு தேறின. ஊட்டியில் ஒரு படிப்பு மையம், ஞாயிறு வகுப்பு, தமிழ் எம்.ஏ. அதில் பழைய இலக்கியம் இரண்டே தாள். மிச்சமெல்லாம் இதழியலும் கணினியும் நாடகமும். இன்னொன்று கோயம்புத்தூருக்கு இந்தப் பக்கம் உள்ள ஒரு கல்லூரியில். அதுவும் ஞாயிறு வகுப்புதான். செவ்வியல் மொழிகளும் இலக்கியமும் என்று பெயர். தமிழ், சமஸ்கிருதம், பிராகிருதம் மூன்றையும் சேர்த்துக் கற்பிக்கிறார்கள். எனக்காகவே செய்துவைத்தது போல இருந்தது. ஒரே குறை, அது கீழே இருந்தது.

அந்தக் குறையை எனக்கு எடுத்துச் சொல்லாதவர் இல்லை. தொழிற்சாலையில் எனக்கு எதிர் மேசைக்காரர், பச்சை இலைக் கணக்குப் பார்ப்பவர், தேநீர் இடைவேளையில் ஆரம்பித்தார்.

"ஏனுங்க்கா, நாம பேசறதே தமிழ்தானுங்களே, அதுல என்னத்த எம்.ஏ. படிக்கறது?"

"இது பழைய தமிழுங்க."

"பழசுங்களா? அப்ப மேலயே படிங்க. குளுருல எதுவும் கெட்டுப்போகாது."

மேட்டுப்பாளையத்தில் இருக்கும் என் நாத்தனார் தொலைபேசியில் வேறு விதமாகச் சொன்னாள். "கீழ வாங்க அண்ணி, ஞாயித்துக்கெழம மத்தியானச் சோறு எங்க ஊட்ல. ஆனா பரீட்ச மே மாசத்துல வெச்சாங்கன்னா எழுதாதீங்க. இந்த வெயிலுக்கு மயக்கம் போட்டு உழுந்துருவீங்க."

பரீட்சை எழுதாமல் எம்.ஏ. வாங்குவது எப்படி என்று கேட்டேன். சனிக்கிழமையே வந்து தங்கிக்கொள்ளுங்கள் என்றாள். கேள்விக்கும் பதிலுக்கும் என்ன தொடர்பு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

என் கணவரின் ஆராய்ச்சி இன்னும் நுட்பமானது. அவர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மின்சாமான் கடை வைத்திருக்கிறார். கீழே இறங்கும் மலைப்பாதையில், பர்லியாரில் பழக்கடை போட்டிருக்கும் ஒரு நண்பரை அழைத்து, ஜூலையில் எந்த வளைவில் மண் சரியும், மாலை எத்தனை மணிக்கு மூடுபனி இறங்கும், சீசனில் ஒருவழிப் பாதை ஆக்கினால் கோத்தகிரி சுற்றிப் போக எவ்வளவு நேரமாகும் என்று விசாரித்தார். ஒரு மாதம் இந்த விசாரணை நடந்தது. பிறகு தீர்ப்பு வந்தது.

"மேலயே சேந்துக்க, புள்ள. ரெண்டும் எம்.ஏ.தான?"

"ரெண்டும் ஒண்ணில்லைங்க. மேல இருக்கறதுல சமஸ்கிருதமே கெடையாது."

"அது இல்லாட்டி என்ன? இத்தன வருசம் அது இல்லாமத்தான இருந்த?"

ஜூன் நடுவில் ஒரு திங்கள்கிழமை, யாரிடமும் சொல்லாமல் கீழே உள்ள கல்லூரிக்குப் பணம் கட்டினேன். அன்று மாலை வீட்டில் அதைச் சொன்னதும் அவர் எழுந்து போய்க் காரின் முன்விளக்குகளைப் போட்டுப் பார்த்தார். அதுதான் அவருடைய சம்மதம்.

பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். பத்து நாள் கழித்துக் கல்லூரியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். கோர்ஸ் நடத்தக் குறைந்தபட்சம் இத்தனை பேர் என்று கணக்கு இருக்கிறதாம். ஒரு ஆள் குறைகிறதாம்.

"மேடம், உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா சேத்துவிடுங்க. இல்லாட்டி இந்த வருசம் கோர்ஸ் கெடையாது. அடுத்த வருசமும் சந்தேகந்தான்."

செவ்வியல் மொழிகள் படிக்கத் துடித்துக்கொண்டிருக்கும் ஆளை நீலகிரியில் நான் எங்கே போய்ப் பிடிப்பேன்? எதிர் மேசைக்காரரிடம் கேட்டேன். சிரித்தார். ஊட்டிக்கு அப்பால் எமரால்டு ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தது. "மேலன்னா மறுபேச்சே இல்லைங்க. கீழன்னா எம்பட முழங்கால் ஒத்துக்காது" என்றார். முழங்காலோடு யார் வாதாட முடியும்? கடைசி நாள் நெருங்கியது. ஒரு மாலை நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"நான் சேர்றேன்."

"என்னதுல?"

"உன்ற கோர்ஸ்லதான். எந்த டிகிரி இருந்தாலும் போதும்னுதான போட்டிருக்கான்? நான் பி.காம். எப்பிடியும் காரு ஓட்டிட்டு வரத்தான் போறேன். வெளிய காருக்குள்ள தூங்கறதுக்குப் பதிலா உள்ள உக்காந்துக்கறேன். கடையத் தம்பி பாத்துக்குவான்."

நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கே போனாலும் நாங்கள் இருவராகத்தான் போயிருக்கிறோம். ரேஷன் கடைக்கும் துக்க வீட்டுக்கும் பல் டாக்டரிடமும்கூட. இது ஒன்றாவது எனக்கென்று தனியாக இருக்கட்டும் என்றுதான் மனதுக்குள் வைத்திருந்தேன். அதைவிடப் பெரிய பயம் வேறொன்று. முதல் மண்சரிவு வந்ததும் இவர் போதும் என்று நின்றுவிட்டால்? ஆள் குறையும், கோர்ஸும் நிற்கும், நான் மறுபடி அந்த மரத்தடியிலேயே நிற்பேன்.

"பாதில உட்டுட்டுப் போகக் கூடாது" என்றேன்.

"போனா நீயும் வரோணுமில்ல? காரு ஒண்ணுதான?"

சேர்க்கை நாளன்று பேராசிரியர் எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்தார். மெலிந்த, களைத்த மனிதர். ஆள் சேரவில்லை என்ற கவலை முகத்தில் தெரிந்தது. என்னைப் பார்த்து, இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார். உரைகள், மரம், பிராகிருதம் எல்லாவற்றையும் நான் சொன்னேன். மகிழ்ச்சியோடு தலையாட்டினார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஏனுங்க சார்?"

"ரோட்ல மூடுபனிங்க. இவளத் தனியா உட முடியாது."

பேராசிரியர் சேர்க்கைப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு என் எதிரிலேயே ‘ஆர்வம் மிக உண்டு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டாரே என்று நிம்மதியாகவும் இருந்தது.

முதல் வகுப்பு ஜூலையின் இரண்டாம் ஞாயிறு. விடிவதற்குள் கிளம்பினோம். வழியெல்லாம் மழை. வகுப்பறையில் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தும் எங்கள் இருவருக்கும் வேர்த்து ஊற்றியது. மற்றவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஸ்வெட்டரைக் கழற்றவே எங்களுக்குத் தோன்றவில்லை. பேராசிரியர் நான் சொன்ன அந்தப் பாட்டையே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, உரைக்காரர்கள் எங்கெங்கே எந்த மொழியிலிருந்து சொல்லை எடுக்கிறார்கள் என்று காட்டினார். நான் இத்தனை வருடம் நின்றுபோன இடத்தை அவர் சாதாரணமாகக் கடந்து போனார். என் கை எழுதி மாளவில்லை.

இரண்டாவது பாடவேளையில் பக்கத்தில் மெல்லிய குறட்டை கேட்டது. முழங்கையால் இடிக்கத் திரும்பினேன். விடிவதற்கு முன்பிருந்தே இருட்டிலும் மழையிலும் அத்தனை வளைவுகளையும் ஓட்டி வந்த மனிதர், நோட்டைத் திறந்துவைத்து, பேனாவைக் கையில் பிடித்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். பேராசிரியரும் பார்த்துவிட்டார். கண்டிப்பார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, என் கணவரை எழுப்பிவிடாதபடி பாடத்தைத் தொடர்ந்தார். இவர் எழுந்து போய்விட்டால் ஓர் ஆள் குறையும் என்பது அவருக்கும் தெரியும்.

நான் இடிக்கவில்லை. பேராசிரியர் இப்போது இன்னும் மெதுவாகப் பேசியதால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த வரியை எழுத ஆரம்பித்தேன்.