ஒரு நாள் முந்திய விமானம்

பாண்டியிலிருந்து மெட்ராஸ் போகிற பஸ் திண்டிவனத்தில் டீக்காக நிற்கிறது. தூறல். கடை ரேடியோ புயலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறது. என் பக்கத்து சீட்டுக்காரர் துபாய் போகிற கோட்டக்குப்பம் பாய். நாளைய விமானம் பறக்காது என்று பயந்து, டிராவல்ஸ்காரர் அவரை இன்றைய விமானத்துக்கு மாற்றிவிட்டாராம்.

"நல்லதுதானே?" என்கிறேன்.

"விசா முடியுதுங்க, போய்த்தான் ஆகணும். ஆனா சம்சாரம் விழுப்புரத்துல, தாய்வூட்ல இருக்குறா. பிரசவமாகி நாப்பது நாள் இன்னையோடதான் முடியுது. அதுவரைக்கும் வெளியே வரக் கூடாது. நாளைக்குப் புள்ளையத் தூக்கிக்கினு இங்க வந்து வழியனுப்பறேன்னா. இப்போ சேதி சொல்லவும் ஆள் கிடைக்கல."

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். பாய் பைக்குள்ளிருந்து ஒரு சின்ன கவுனை எடுத்து டீக்கடைக்காரரிடம் நீட்டுகிறார்.

"அண்ணே, நாளைக்கு என் சம்சாரம் வருவா. இதைக் குடுத்து, நான் நேத்தே போயிட்டேன்னு சொல்லிடுங்க."

"எத்தினியோ பொம்பளைங்க வர்ற எடம் பாய். நான் எப்டிக் கண்டுபுடிப்பேன்?"

பாய் பஸ் படியில் கால் வைத்தபடி திரும்புகிறார்.

"கைப்புள்ளையோட, வர்ற பாண்டி பஸ்ஸையெல்லாம் எட்டி எட்டிப் பாத்துக்கினு நிப்பாண்ணே."